போதும் என்று சொல்லும் கம்பி



சென்ற திங்கள் இப்பகுதியில் கிணற்று நீரைக் காத்துக்கொள்ளும் முறைகளைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் நம் வீட்டுச் சுவர்களுக்குள் ஓடுகின்ற மற்றோர் ஓட்டத்தைப் பற்றி எழுத எண்ணுகிறோம். கண்ணுக்குப் புலப்படாது, காதுக்குக் கேட்காது, ஆயினும் இரவும் பகலும் நமக்கு ஊழியம் செய்யும் மின்னோட்டமே அது. ஒரே கம்பி வழியாக வரும் மின்சாரத்தைப் பல கருவிகளுக்கு இடரின்றிப் பகிர்ந்தளிப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு வீடு மந்திரிப்பு. இளம் தம்பதியர் இருவர் பழைய வீடு ஒன்றை வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, தரைக்குப் புதிய கல் பதித்து, நம்மை அழைத்திருந்தனர். அறை அறையாகச் செபித்துத் தீர்த்தம் தெளித்தவாறு சமையலறைக்குள் நுழைந்தோம். அங்கே சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்டு. அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி தொங்கியது. அப்பெட்டியில் குளிர்சாதனப் பெட்டி, மிக்சி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், இண்டக்சன் அடுப்பு ஆகிய நான்கும் செருகப்பட்டிருந்தன.

“தம்பி, இத்தனையும் ஒரே பாயிண்டிலா ஓடுகின்றன?” என்று வினவினோம்.

“ஆமாம் பாதர். இன்னும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. ஓவன் வாங்கினால் அதில் மாட்டிக்கொள்ளலாம்” என்று அவர் மகிழ்ச்சியோடு விடையளித்தார்.

பிளக்கின் மேற்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். சூடான தேநீர்க் குவளையைத் தொட்டாற்போல் இருந்தது. தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அடுப்பையும் கெட்டிலையும் நிறுத்தச் சொன்னோம். மந்திரிப்பின் எஞ்சிய பகுதி அதன் பின்னரே நிறைவெய்திற்று.

அந்தத் தம்பி படித்தவர், பொறுப்புள்ளவர். அவர் செய்த பிழை அறியாமையால் வந்த பிழைகூட அன்று. நம்மில் பெரும்பாலோர் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தால் வந்த பிழை. பெட்டியில் எத்தனை ஓட்டைகள் உண்டோ அத்தனை கருவிகளை மாட்டலாம் என்று நாம் நம்புகிறோம். ஓட்டைகளின் எண்ணிக்கை செய்தவன் விருப்பம். மின்சாரம் தாங்கும் அளவோ சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியின் பருமனைப் பொறுத்தது. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

வாய்க்காலும் கம்பியும்

மின்சாரத்தை விளக்கப் புகுவோர் வாய்க்கால் நீரை உவமை காட்டுவது வழக்கம். நாமும் அதனையே கூறத் தொடங்குவோம். ஆனால் அவ்வுவமை எந்த இடத்தில் பொருந்தாமற் போகிறதோ, அந்த இடத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒரு வாய்க்காலில் பத்து மடைகள் உள்ளன என்று கொள்வோம். இரண்டைத் திறந்தால் இரண்டு வயலுக்கும் நீர் நிறையப் பாயும். பத்தையும் திறந்தால் கடைமடைக்காரர் வயலுக்கு நீர் போய்ச் சேராது. அவர் கூக்குரலிடுவார். பஞ்சாயத்துக் கூடும், முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். வாய்க்கால் தன் அளவை மீறிக் கொடுப்பதில்லை. பற்றாக்குறை உடனே வெளிப்பட்டுவிடுகிறது.

மின்சாரம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. நம் வீட்டுக் கருவிகள் அனைத்தும் ஏணியின் படிகளைப் போல ஒன்றுக்கொன்று இணையாகவே இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 230 வோல்ட் முழுவதும் கிடைக்கிறது. ஐந்தாவது கருவியை மாட்டினால் நான்காவதன் பங்கு குறைவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே இழுத்துக்கொள்ளுகிறது. குளிர்சாதனப் பெட்டி தொடங்குகையில் விளக்குச் சற்றே மங்கி மீளுவதைத் தவிர வேறு குறையொன்றும் தோன்றுவதில்லை. கடைமடைக்காரர் கூக்குரல் இங்கே இல்லை.

ஆனால் அத்தனை கருவிகள் இழுக்கும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகை முழுவதும் பொதுவான அந்த ஒரு கம்பி வழியாகவே வந்தாக வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் கேட்ட அளவு கிடைக்கிறது. அதற்குரிய விலையைக் கம்பி செலுத்துகிறது. எப்படிச் செலுத்துகிறது? சூடேறிச் செலுத்துகிறது.

இந்தச் சூட்டின் கணக்கை ஆங்கிலேய அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே, “சற்றுக் கூடுதலாகத்தானே ஓடுகிறது” என்று நாம் எண்ணும்போது கம்பி படும் பாடு சற்றுக் கூடுதல் அன்று. வீடுகளில் பயன்படும் சாதாரண பி.வி.சி. உறை, உள்ளிருக்கும் கம்பியின் சூடு 70 பாகை செல்சியசு வரை நெடுங்காலம் தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் நாள்தோறும் சூடேறினால் உறை இளகும். பின்னர் இறுகி வெடிக்கும். இவையனைத்தும் சுவருக்குள், நம் கண்ணுக்கு மறைவாக நிகழ்கின்றன.

பகிரவே இயலாது என்றனர்

மின்சாரத்தைப் பகிர்வது இன்று நமக்கு எளிய செயலாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் அது இயலாத செயல் என்றே பெரியோர் கருதினர். 1870-களில் மின்விளக்கு என்றால் தெருவிலும் மண்டபத்திலும் கண்கூச எரியும் வில்விளக்குத்தான். அதனை வீட்டுக்குள் வைக்க முடியாது. அந்தப் பேரொளியைச் சிறு சிறு விளக்குகளாகப் பிரித்து வீடுதோறும் கொடுக்க முடியுமா என்பது அக்காலத்து அறிவியலார் முன் நின்ற பெரிய வினா. இங்கிலாந்தின் தந்தித் துறையில் புகழ்பெற்ற பொறியாளர் வில்லியம் பிரீசு, அது கொள்ளிவாய்ப் பிசாசைத் துரத்துவதற்கு ஒப்பான வீண் முயற்சி என்று 1879-இல் கூறினார். விளக்குகளைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றின் ஒளியும் விரைந்து குன்றும் என்பது அவர் கணக்கு.

அமெரிக்காவின் எடிசன் வேறு வழியில் சிந்தித்தார். மிகுந்த மின்தடை கொண்ட மெல்லிய இழையை விளக்கில் வைத்தால் ஒவ்வொரு விளக்கும் சிறிதளவு மின்னோட்டமே இழுக்கும். அத்தகைய விளக்குகளை இணையாக அமைத்தால் ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும் என்று கண்டார். நம் கிறித்துமசுக் குடிலில் தொங்கவிட்ட பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் இருண்டுபோனதை நினைவுகூர்ந்தால் இவ்வேறுபாடு விளங்கும். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவிலிருந்து அவருடைய மின்நிலையம் சுற்றுப்புற வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் நம் கருத்தைக் கவருவது மற்றொரு செய்தி. பேர்ல் தெரு நிலையம் இயங்குவதற்கு முன்னரே, 1880-இல், எடிசன் ஒரு காப்புக் கம்பிக்கு உரிமம் பெற்றிருந்தார். மின்னோட்டம் அளவை மீறினால் தான் உருகி அறுந்து மற்றவற்றைக் காக்கும் கம்பி அது. பகிர்ந்து கொடுக்கும் வழியைக் கண்டவரே, “போதும்” என்று சொல்லும் வழியையும் உடன் கண்டாக வேண்டியிருந்தது. அந்தக் கம்பியைத்தான் நாம் பியூசு என்கிறோம்.

ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

இனிக் கணக்குக்கு வருவோம். அஞ்ச வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கே. ஒவ்வொரு கருவியின் அடியிலும் அல்லது முதுகிலும் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் வாட் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அந்த வாட்டை 230 ஆல் வகுத்தால் அக்கருவி இழுக்கும் ஆம்பியர் ஏறத்தாழக் கிடைக்கும். அதேபோல் பாயிண்டின் ஆம்பியரை 230 ஆல் பெருக்கினால் அது தாங்கும் வாட் கிடைக்கும். நம் வீடுகளில் உள்ள சிறிய பாயிண்டு 6 ஆம்பியர்; எனவே அது தாங்குவது 1380 வாட். பெரிய பாயிண்டு 16 ஆம்பியர். அது தாங்குவது 3680 வாட். பழைய வீடுகளில் இவற்றை 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்பார்கள்.

இப்போது அந்த இளம் தம்பதியரின் சமையலறையைக் கணக்கிடுவோம். குளிர்சாதனப் பெட்டி 150 வாட், மிக்சி 750, கெட்டில் 1500, இண்டக்சன் அடுப்பு 2000. கூட்டினால் 4400 வாட். 230 ஆல் வகுத்தால் 19 ஆம்பியருக்குச் சற்று மேல். சுவரில் இருந்த பாயிண்டு 16 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அதன் முதுகில் 6 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. ஆறு ஆம்பியருக்குச் செய்த பெட்டியின் வழியே பத்தொன்பது ஆம்பியர்! மும்மடங்குக்கும் மேல். ஜூல் சொன்ன கணக்கின்படி அதன் கம்பியில் ஒன்பது மடங்குக்கும் மேலான வெப்பம். காலைச் சமையல் வேளையில் நான்கும் ஒன்றாக ஓடும் பொழுதெல்லாம் இது நிகழ்ந்துகொண்டிருந்தது.

அதே வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் மற்றொரு பெட்டி இருந்தது. அதில் ஆறு பிளக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பார்ப்பதற்கு அதுவே அச்சம் தருவதாக இருந்தது. ஆனால் தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, இணையக் கருவி, கைப்பேசிகளின் சார்ஜர்கள், ஒரு மேசை விசிறி எல்லாம் சேர்ந்தும் 300 வாட் ஆகவில்லை. ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல். ஆறு பிளக்கு நின்ற பெட்டி தாங்கியது. நான்கு பிளக்கு நின்ற பெட்டி தவித்தது. எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாய்மார்கள் எளிதில் நினைவிற் கொள்ள ஒரு குறிப்புச் சொல்வோம். ஒளி தருவது, ஒலி தருவது, காற்று தருவது ஆகியவை பெரும்பாலும் சிறு பசியுடையவை. எல்.இ.டி. விளக்கு 9 வாட். மின்விசிறி பழையதாயின் 75 வாட், புதுவகையாயின் அதிற் பாதிக்கும் குறைவு. சுடவைப்பது, கொதிக்கவைப்பது, குளிரூட்டுவது ஆகியவை பெரும் பசியுடையவை. இஸ்திரிப்பெட்டி 750 முதல் 1000 வாட். வெந்நீர்க் கம்பி 1000 முதல் 1500. கீசர் 2000, உடனடி வெந்நீர் தருவதாயின் 3000. ஒன்றரை டன் குளிரூட்டி ஏறத்தாழ 1500 முதல் 1800. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இவற்றுக்கு விலக்கு. ஓடும்போது சிறிதே இழுக்கும். எனினும் தொடங்கும் கணத்தில் அதன் பன்மடங்கு இழுக்குமாதலால் அதற்கும் தனிப் பாயிண்டே நன்று. பெரும் பசியுடைய இரண்டை ஒரே பாயிண்டில் ஒருபோதும் அமர்த்தலாகாது.

பழைய வீடுகளில் வாழ்வோர்க்கு மற்றொரு சொல். அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை கட்டப்பட்ட பல வீடுகளில் அலுமினியக் கம்பியே ஓடுகிறது. சில பல்புகளையும் இரண்டு விசிறிகளையும் ஒரு வானொலியையும் மனத்திற் கொண்டு இழுத்த கம்பி அது. அலுமினியம் நாளடைவில் திருகாணியின் கீழ்த் தளர்ந்துபோகும் இயல்புடையது. தளர்ந்த இணைப்பு, பளு அளவுக்குள் இருப்பினும் சூடேறும். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்போர், சுவருக்குள் உள்ள கம்பியின் வயதையும் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும்.

நாம் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறும் நாம், நமது பிழையை மறைத்துவிட்டு எழுதுவது முறையன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றூரில் பங்குப்பணி ஆற்றிவந்தோம். பத்து நாள் திருவிழா. கோபுரம் முழுவதும் விளக்கு வரிசைகள், பந்தலில் குழல்விளக்குகள், கெபியைச் சுற்றி ஒவ்வொன்றும் 1000 வாட் கொண்ட போகசு விளக்குகள், ஒலிபெருக்கி ஆகிய அனைத்துக்கும் ஆலயத்தின் ஒரே மெயினிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். ஆலயத்தின் வயரிங்கோ மரச்சட்டத்தின் மேல் ஓடிய பழைய வயரிங்.

தேர்ப்பவனி நாளன்று மாலை பியூசு போயிற்று. இளைஞர் ஒருவர் மாற்றினார். அரைமணி நேரத்தில் மீண்டும் போயிற்று. மீண்டும் மாற்றினார். மூன்றாம் முறை போனபோது, தேர் புறப்படும் வேளை நெருங்கிவிட்டது. கூட்டம் இருளில் நின்றது. அவர் செம்புக் கம்பி இழைகளை நான்கைந்தாக முறுக்கிப் பீங்கான் கட்டையில் வைத்துக் கட்டினார். “இனிப் போகவே போகாது பாதர்” என்றார். “நல்லது தம்பி” என்றோம் நாம். அந்த “நல்லது” என்ற சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

அவர் சொன்னது உண்மையாயிற்று. பியூசு போகவில்லை. நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில், சக்றீஸ்துக்குப் பின்னாலிருந்த பண்ட அறையில் உறங்கிக்கொண்டிருந்த கோவில்பிள்ளை, புகை நாற்றம் கண்டு விழித்தார். அவர் தலைக்கு மேலே சுவரோரமாக மரச்சட்டம் கனன்றுகொண்டிருந்தது. முதியவராயினும் அவர் பதறவில்லை. தண்ணீரைத் தேடி ஓடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு வாசலில் கிடந்த மணலை அள்ளி வீசினார். ஓர் அலமாரியும் அதிலிருந்த பீட விரிப்புகளும் கருகின. அவர் சற்று அயர்ந்து உறங்கியிருப்பின் நாம் மறுநாள் பாடியிருக்க வேண்டியது நன்றிப் பாடல் அன்று.

காலையில் கருகிய சுவரைப் பார்த்து நின்ற நம்மிடம் அவர் சொன்னார்: “சாமி, பியூசு மூன்று தரம் சொல்லிற்று. நாம்தாம் கேட்கவில்லை.”

நாற்பது ஆண்டுகள் ஆலய மணி அடித்தவர் அவர், பள்ளிக்கூடம் கண்டவரல்லர். மின்காப்பு முறையைப் பற்றி அதனினும் சுருக்கமாகவும் தெளிவாகவும் எவரும் நமக்குக் கூறியதில்லை. பியூசு போவது கோளாறு அன்று. அது ஒரு செய்தி. செய்தி கொண்டு வந்தவனின் வாயை அடைத்துவிட்டு, இல்லம் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்வது அறிவுடைமை ஆகுமா?

இன்றைய காவலர் இருவர்

இன்று பியூசுக் கட்டையின் இடத்தை எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு பெரும்பாலும் பிடித்துவிட்டது. இது 1924-இல் செருமனியில் உருவான அமைப்பின் வழிவந்தது. அதனுள் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, சூடேறினால் வளையும் ஈருலோகப் பட்டை; மிகுபளுவை அது கண்டுகொள்ளும். மற்றது மின்காந்தம்; இரு கம்பிகள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டம் திடீரெனப் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

எம்.சி.பி. இருக்கிறதே, இனி அச்சமில்லை என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. சிறிது மிகுதியான பளுவுக்கு அது உடனே விழுவதில்லை. பொறுமையோடு காத்திருக்கும்படியே அமைக்கப்பட்டுள்ளது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாதிருக்கலாம். 23 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். முன்னர்க் கூறிய சமையலறையின் 19 ஆம்பியர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவேதான் அங்கே எம்.சி.பி. இருந்தும் அது வாய் திறக்கவில்லை. மேலும், அது காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. வெளியே தொங்கும் 6 ஆம்பியர்ப் பெட்டி எரிவதை அது அறியாது.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டுவோர் உண்டு. நாம் செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காவலரின் அளவு கம்பியின் பருமனுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். கம்பியை மாற்றாமல் காவலரை மட்டும் மாற்றுவது, வண்டியின் அச்சை வலுப்படுத்தாமல் மேலும் மூட்டைகளை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

மற்றொரு காவலர் ஆர்.சி.சி.பி. எனப்படுவது. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு, அஃதாவது 30 மில்லி ஆம்பியர் அளவு வழிதவறி மனித உடல் வழியாக நிலத்துக்குக் கசிந்தாலும் அது நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று கருதலாகாது. ஆனால் மிகுபளுவை இந்த இரண்டாம் காவலர் கண்டுகொள்ள மாட்டார் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்று பேஸ் உள்ள வீடுகளில்

பளு மிகுந்த வீடுகளுக்கு மின்வாரியம் மூன்று பேஸ் இணைப்பு வழங்குகிறது. மூன்று கம்பிகளுக்கும் பளு ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குளிரூட்டி ஒரு பேசிலும், கீசர் மற்றொன்றிலும், தண்ணீர் மோட்டாரும் சமையலறையும் மூன்றாவதிலும் அமைவது போன்ற ஏற்பாட்டைக் கம்பியாளர் தொடக்கத்திலேயே செய்வார். பின்னர் நாம் ஒவ்வொரு கருவியாகச் சேர்க்கையில் அந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது.

கோடையில் ஒரு பேஸ் போய்விட்டால் என்ன செய்கிறோம்? சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி, வீட்டுப் பளு முழுவதையும் இருக்கும் பேசில் போட்டுக்கொள்கிறோம். தெருவில் உள்ளோர் அனைவரும் அதனையே செய்கின்றனர். சிறிது நேரத்தில் அந்த பேசும் போய்விடுகிறது. தெரு முழுவதும் இருளில் மூழ்குகிறது. பேஸ் மாற்றிக்கொள்ளும் நாள்களில் குளிரூட்டியையும் கீசரையும் நிறுத்திவிட்டு விளக்கும் விசிறியும் மட்டும் ஓட்டினால் நமக்கும் அயலாருக்கும் நன்மை. பங்கீடு என்பது நம் வீட்டு வாசலோடு முடிந்துவிடுவதன்று.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

இதுவரை கூறியவற்றைச் செயற்படுத்த விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் தருகிறோம்.

முதலாவது, ஒரு ஞாயிறு பிற்பகலில் பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்து, வீட்டில் உள்ள கருவிகளின் வாட் அளவைப் பட்டியலிடச் செய்யுங்கள். எது எந்தப் பாயிண்டில் ஓடுகிறது என்பதையும் எழுதி, 230 ஆல் வகுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் மகிழ்வோடு செய்வார்கள். ஒருமுறை செய்தவர்கள் மறக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது, கீசர், குளிரூட்டி, இண்டக்சன் அடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மெயின் பலகையிலிருந்து தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் அமையுங்கள். விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பியும், பெரிய பாயிண்டுகளுக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும் இடுவது வழக்கம். தொலைவும் பளுவும் கண்டு முடிவு செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற கம்பியாளர்.

மூன்றாவது, எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஒளி, ஒலி, காற்றுக் கருவிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குத் தொடுக்காதீர்கள். பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்டில் மாட்ட உதவும் மாற்றுப் பிளக்குகளை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். சுருட்டிய நீண்ட வயரில் பளு ஓடினால் சுருளுக்குள் சூடு தங்கும். ஆகவே முழுவதும் விரித்த பின்னரே பயன்படுத்துங்கள்.

நான்காவது, பிளக்கு சூடாதல், பாயிண்டின் விளிம்பு பழுப்பேறுதல், கருகிய நாற்றம், சுவிட்சில் பொறி பறத்தல், பியூசோ எம்.சி.பி.யோ அடிக்கடி போதல் ஆகிய இவையனைத்தும் செய்திகள். செய்தி வந்த அன்றே பளுவைக் குறைத்துவிட்டுக் கம்பியாளரை அழையுங்கள்.

ஐந்தாவது, மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பதை வீட்டில் உள்ள முதியோர் முதல் பள்ளிப்பிள்ளை வரை அறிந்திருக்கட்டும். தீ கண்டால் முதலில் மெயின். மின்சாரம் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றலாகாது. திருவிழா, திருமணம் போன்ற காலங்களில் தற்காலிக விளக்குகளுக்குத் தனி இணைப்புப் பெற்றுச் செய்வதே முறை. இதனை நாம் பட்டறிந்து கூறுகிறோம்.

அந்த இளம் தம்பதியர் நாம் சொன்னதை மறுக்கவில்லை. அடுத்த வாரமே கம்பியாளரை வரவழைத்துச் சமையலறைக்கு இரண்டு புதிய கம்பிகள் இழுத்தனர். அடுப்புக்கு ஒன்று, கெட்டிலும் மிக்சியும் மாறி மாறி ஓடுவதற்கு ஒன்று; பழைய பாயிண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டனர். புதுச் சுவரை உடைக்க நேர்ந்ததே என்று அந்தப் பெண்ணுக்குச் சற்று வருத்தம். “சுவர் உடைந்த வடு தெரிகிறது பாதர்” என்றார். “தெரியட்டும் அம்மா, நல்ல வடு அது” என்றோம்.

திரும்பி வருகையில் அந்தக் கோவில்பிள்ளையை நினைத்துக்கொண்டோம். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஓர் இல்லத்தில் எல்லாரும் வேண்டுமட்டும் பெற்றுக்கொண்டு எதையும் குறை கூறாமல் இருக்கும்போது, அந்தச் சுமை முழுவதையும் ஓசையின்றித் தாங்கிச் சூடேறிக்கொண்டிருப்பவர் ஒருவர் எங்கோ இருக்கக்கூடும். கம்பிக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. வீட்டில் அது யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பது நன்று.

அடுத்த திங்கள் நிலத்தொடர்பு என்னும் எர்த்து அமைப்பைப் பற்றியும், மழைக்காலத்தில் அதனைப் பேணும் முறையைப் பற்றியும் எழுதுவோம்.